ஆற்றை மீட்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நேராக்கப்பட்ட ஆறு, கரை கட்டி ஒடுக்கப்பட்ட ஆறு, அணையால் மறிக்கப்பட்ட ஆறு. இவற்றை மறுபடியும் ஆறாக ஓடவிடும் வேலையைத்தான் இங்கே மீட்பு என்கிறேன். வரைபட மேசையிலும் சேற்றிலுமாகப் பல ஆண்டுகள் கழித்ததில், எங்கே போனாலும் ஏறத்தாழ இதே கேள்விகள்தான் வருகின்றன. வடிவமைப்பவர், ஒப்பந்ததாரர், பணம் தருபவர், கரையோரத்தில் வீடு வைத்திருப்பவர் என்று கேட்பவர்கள்தான் மாறுகிறார்கள்.

எந்தக் காலத்து ஆற்றை மீட்பது?

முதல் கூட்டத்திலேயே சண்டை மூள்வது இந்தக் கேள்வியில்தான். கரையோரத்துப் பெரியவர் தாம் சிறுவயதில் நீந்திய ஆற்றைக் கேட்பார். மீன் ஆய்வாளர் அணைக்கு முந்தைய ஆற்றைக் கேட்பார். பொறியாளர் கையில் ஐம்பது ஆண்டுப் பழைய வரைபடம் ஒன்று இருக்கும்; அதையே வேதமாக எடுத்துக்கொள்வார்.

பழைய வரைபடம் ஒரு தடயம் மட்டுமே. அது வரையப்பட்ட நாளில் ஆற்றுக்கு நீர் வரும் மேல்நிலத்தில் காடு இருந்திருக்கும். இன்று அங்கே கூரைகளும் தார்ச்சாலைகளும் இருக்கின்றன. மழை நீர் அன்று மெல்லக் கசிந்து வந்தது, இன்று ஒரு மணி நேரத்தில் பாய்ந்து வந்துவிடுகிறது. நீரும் வண்டலும் வேறாகிவிட்ட பிறகு பழைய வடிவத்தை மட்டும் வெட்டி வைத்தால் அது நிற்காது.

பழையது என்று நாம் நினைப்பதே பழையதாக இல்லாமலும் போகலாம். அமெரிக்காவின் பென்சில்வேனியா வட்டாரத்தில் உயர்ந்த மண்கரைகளுக்கு நடுவே வளைந்தோடும் ஓடைகளை இயற்கையானவை என்றே பலகாலம் நம்பினார்கள். ராபர்ட் வால்ட்டர், டாரத்தி மெரிட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2008இல் வேறொரு கதையைக் காட்டினார்கள். 17ஆம் நூற்றாண்டிலிருந்து அங்கே மாவரைக்கும் ஆலைகளுக்காக ஆயிரக்கணக்கான சிறு தடுப்பணைகள் கட்டப்பட்டன. அவற்றின் பின்னால் வண்டல் படிந்தது. அணைகள் உடைந்தபின் அந்த வண்டலை ஓடை அறுத்துக்கொண்டு இறங்கியதால் உண்டானவைதான் அந்த உயர்ந்த கரைகள். அதற்கு முன் அங்கே இருந்தது புல் மண்டிய சதுப்பும், அதனூடே பின்னிக் கிடந்த சிறு வாய்க்கால்களும்.

ஆகவே ‘எந்த ஆண்டு’ என்று கேட்காதீர்கள். இன்று வரும் நீருக்கும் இன்று வரும் வண்டலுக்கும் இந்தப் பள்ளத்தாக்கில் எந்த மாதிரி ஆறு தன்னைத்தானே தாங்கிக்கொள்ளும் என்று கேளுங்கள். அதன்பின் அளக்கக்கூடிய குறிக்கோளாக எழுதி வையுங்கள். ‘ஆறு உயிர்பெற வேண்டும்’ என்பது மேடைக்கு ஆகும். ‘கோடையிலும் ஒரு மீட்டர் ஆழம் நிற்கும் மடு குறைந்தது பத்து இருக்க வேண்டும்’ என்று எழுதினால்தான் ஒப்பந்ததாரருக்கு வேலை புரியும்.

தூர்வாரி, கரையை உயர்த்தினால் போதாதா?

போதாது. பல இடங்களில் நோய்க்குக் காரணமே அதுதான். அடியை ஆழமாக்கிக் கரையை உயர்த்தினால் வெள்ளம் பரவ இடமின்றி முழு வலுவுடன் ஆற்றுக்குள்ளேயே ஓடும். ஓடும்போது அடியை மேலும் அரிக்கும், கரையின் அடிப்பகுதியைப் பறிக்கும். கரை சரிந்து மண் விழும். விழுந்த மண்ணை அள்ள அடுத்த ஆண்டு மறுபடி இயந்திரம் வரும்.

வளைவுகளை அழகாக வரைந்து வெட்டிவிட்டால் ஆறு அதில் ஓடாதா?

ஓடும், அடுத்த வெள்ளம் வரும்வரை. கலிபோர்னியாவில் ஊவாஸ் ஓடை என்று ஒன்று உண்டு. 1995 நவம்பரில் அதன் ஒரு பகுதியை ஒரே சீரான வளைவுகளுடன், வளைவுகளின் வெளிக்கரையில் மரத்தண்டும் பாறையும் பதித்து, புதிதாக அமைத்தார்கள். 1996 பிப்ரவரியில் வந்த வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போய்விட்டது. பிறகு பழைய தடங்களை ஆராய்ந்தபோது, அது சரளையைப் பரப்பிக்கொண்டு பல கிளைகளாகத் திரியும் ஓடை என்பது தெரிந்தது. வரைபடத்தில் அழகாக இருந்த வளைவு அந்த ஓடைக்கு உரியதே இல்லை.

வளைவில் ஒளிந்திருக்கும் கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோமீட்டர் நேர்க்கால்வாய். மேல்முனைக்கும் கீழ்முனைக்கும் 2 மீட்டர் இறக்கம். அதே இரு முனைகளுக்கு நடுவே வளைத்து வளைத்து நீளத்தை ஒன்றரைக் கிலோமீட்டராக்குகிறோம். இறக்கம் அதே 2 மீட்டர்தான், ஆனால் வாட்டம், அதாவது நீளத்துக்கு எவ்வளவு இறக்கம் என்ற விகிதம், மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. வாட்டம் குறைந்தால் வேகம் தணியும், நீர்மட்டம் ஏறும், மேலிருந்து வரும் சரளையைத் தள்ளிக்கொண்டு போகும் வலு குறையும். தள்ள முடியாத சரளை நடுவில் திட்டாகக் குவியும். திட்டு வளர்ந்தால் ஆறு பக்கத்துக் கரையை உடைத்துக்கொண்டு வேறு வழி பார்க்கும்.

எமரி லேன் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1955இல் இதை ஒரு தராசாக விளக்கினார். ஒரு தட்டில் வண்டலின் அளவும் அதன் பருமனும். மறுதட்டில் நீரின் அளவும் வாட்டமும். ஒரு தட்டில் கைவைத்தால் மறுதட்டு அசையும். மேலே அணை இருந்து வண்டல் முழுவதும் அதிலேயே தங்கிவிட்டால், கீழே வருவது சுமையில்லாத தெளிந்த நீர். இத்துறையினர் அதைப் ‘பசித்த நீர்’ என்பார்கள். தின்பதற்கு எதுவும் கிடைக்காததால் அது அடியையும் கரையையும் தின்னும். இப்படிப்பட்ட இடத்தில் எத்தனை நல்ல வளைவு வரைந்தாலும் பயனில்லை. சரளைக்கு வழி செய்தாக வேண்டும்.

களத்தில் முதலில் எதை அளக்க வேண்டும்?

நிலத்தின் மட்டத்தை எல்லோரும் அளப்பார்கள். ஆற்றடியில் கிடக்கும் கல்லை அளப்பவர்கள் குறைவு.

1954இல் கார்டன் வோல்மன் சொன்ன எளிய முறையைத்தான் இன்றும் பின்பற்றுகிறோம். முழங்கால் நீரில் இறங்கி, கரைக்குக் கரை குறுக்காக நடக்க வேண்டும். ஓர் அடி வைத்ததும் நின்று, கண்ணைத் திருப்பிக்கொண்டு, காலின் பெருவிரல் நுனியில் சுட்டுவிரல் முதலில் எந்தக் கல்லைத் தொடுகிறதோ அதை எடுக்க வேண்டும். கண் பார்த்தால் கை பெரிய கல்லை, அழகான கல்லைத் தேடிப் போய்விடும். அதனால்தான் இந்தக் கட்டுப்பாடு. எடுத்த கல்லின் நீளத்தை அல்ல, உயரத்தை அல்ல, நடு அகலத்தை அளக்க வேண்டும். கரையில் நிற்பவர் குறித்துக்கொள்வார். இப்படி நூறு கற்கள். முடிக்கும்போது விரல்நுனிகள் ஊறிச் சுருங்கியிருக்கும், இடுப்பு வலிக்கும். ஆனால் அந்த நூறு எண்கள் இல்லாமல் மேற்கொண்டு செய்யும் எந்தக் கணக்கும் காற்றில் கட்டிய வீடுதான்.

ஓர் எடுத்துக்காட்டு. 1000 மீட்டருக்கு 2 மீட்டர் வாட்டம், வெள்ளத்தில் 2 மீட்டர் ஆழம். அப்போது நீர் அடியை இழுக்கும் விசை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 39 நியூட்டன். சுமார் 5 சென்டிமீட்டர் அகலமுள்ள கூழாங்கல் நகரத் தொடங்கும் எல்லை அது. ஆற்றில் கிடப்பதில் பெரும்பாலும் 2 சென்டிமீட்டர் சரளை என்றால் அடி முழுவதும் நகரும். 15 சென்டிமீட்டர் கல் என்றால் அசையாது. கட்டுமானத்துக்குக் கல் வாங்குமுன் இது தெரிந்திருக்க வேண்டாமா?

எவ்வளவு பெரிய வெள்ளத்துக்கு வடிவமைப்பது?

ஒரு வெள்ளத்துக்கு மட்டும் அல்ல. குறைந்தது மூன்று நீரளவுகளை வைத்துப் பார்க்க வேண்டும். கோடைக்கால மெலிந்த ஓட்டத்தில் மீனும் பூச்சியும் பிழைக்க வேண்டும். கரை ததும்பும் ஓட்டம் பல ஆறுகளில் ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவது; ஆற்றின் வடிவத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அதுதான். பாலமும் வீடும் தப்ப வேண்டியது பெருவெள்ளத்தில்.

‘நூறாண்டு வெள்ளம்’ என்ற சொல் செய்யும் குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல. போன ஆண்டு வந்துவிட்டது, இனி நூறாண்டுக்குக் கவலையில்லை என்று பொருள் அல்ல. ஒவ்வோர் ஆண்டும் அது வருவதற்கு 1 சதவீத வாய்ப்பு உண்டு. முப்பதாண்டு என்று எடுத்துக்கொண்டால், ஒரு முறையாவது வருவதற்கான வாய்ப்பு 26 சதவீதம். கூட்டத்தில் இந்த எண்ணைச் சொன்னால் அமைதி உண்டாகும்.

மரமும் வளைவுமாக விட்டால் எங்கள் வீட்டுக்குள் வெள்ளம் வராதா?

நியாயமான பயம். அதைக் கேலி செய்கிற வடிவமைப்பாளரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். கரடுமுரடான கரை நீரைத் தடுத்து மட்டத்தை உயர்த்தத்தான் செய்யும். அமெரிக்காவில் வெள்ளப்பாதை என்று வரையறுக்கப்பட்ட இடத்தில் ஏதும் கட்டினால், வெள்ள மட்டம் சிறிதும் உயராது என்று பொறியாளர் சான்று தர வேண்டும். ஆற்றுக்கு நல்லது செய்யும் திட்டத்துக்கும் அந்த விதி பொருந்தும். பல திட்டங்கள் இந்த இடத்தில்தான் சிக்கிக்கொள்கின்றன.

தவறு பெரும்பாலும் கணினி மாதிரியில் நடக்கிறது. நட்ட அன்றைய மொட்டைக் கரையை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். பத்தாண்டு கழித்துப் புதரும் மரமும் அடர்ந்து நிற்கும் கரையை வைத்துப் போட வேண்டும். அதில் மட்டம் கூடினால் அதற்கு ஈடாக வேறெங்காவது இடம் திறக்க வேண்டும்.

நெதர்லாந்தில் 1995 வெள்ள அபாயத்தின்போது ஏறத்தாழ 2,50,000 பேரை வெளியேற்ற வேண்டியிருந்தது. கரையை இன்னும் உயர்த்துவதற்குப் பதிலாக ஆற்றுக்கு இடம் விடும் திட்டத்தைப் பிறகு கையிலெடுத்தார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் வேலை நடந்தது. நைமேகன் நகரத்தருகே கரையை 350 மீட்டர் பின்னால் தள்ளி, ஒரு பக்கக்கால்வாய் வெட்டினார்கள். சுமார் ஐம்பது வீடுகள் இடம்பெயர்ந்தன. பெருவெள்ள மட்டம் 30 சென்டிமீட்டருக்கும் மேல் குறைந்தது. கேட்பதற்குச் சின்ன எண். வாசற்படியில் நின்று பார்ப்பவருக்கு அது சின்ன எண் அல்ல.

நிலம் கிடைக்காவிட்டால் என்ன செய்வது?

திட்டத்தைச் சுருக்குங்கள், அல்லது காத்திருங்கள். இடமில்லாத இடத்தில் முழு ஆற்றையும் திணிக்க முயல்வது வீண்வேலை.

புளோரிடாவின் கிசிம்மி ஆற்றைப் பாருங்கள். 166 கிலோமீட்டர் வளைந்தோடிய ஆற்றை 1962க்கும் 1971க்கும் இடையே 90 கிலோமீட்டர் கால்வாயாக நேராக்கிவிட்டார்கள். ஒன்பது ஆண்டுகளில் முடிந்த வேலை. திருப்பிச் செய்ய நாடாளுமன்ற ஒப்புதல் 1992இல் கிடைத்தது, கட்டுமானம் 1999இல் தொடங்கியது, முடிந்தது 2021இல். அதுவும் முழு ஆறு அல்ல. சுமார் 35 கிலோமீட்டர் கால்வாயை நிரப்பி, அதன் மூலம் 70 கிலோமீட்டர் அளவுக்கு ஆற்றை மீட்டார்கள். கால்வாயை நிரப்பினால் சமவெளி மறுபடி நனையும். நனையும் நிலம் யாருடையது என்பதை முன்பே தீர்த்தாக வேண்டும். இயந்திரம் இறங்குவதற்கு முந்தைய ஆண்டுகளில் பெரும்பகுதி இதில்தான் கழிகிறது.

நிலத்தை விலைக்கு வாங்குவது ஒன்றே வழி அல்ல. வெள்ளம் பரவுவதற்கு மட்டும் உரிமை பெற்றுக்கொண்டு, மற்ற நாட்களில் மேய்ச்சலுக்கோ புல் அறுக்கவோ உடையவரிடமே விட்டுவிடலாம். ஆனால் எழுத்தில் இருக்க வேண்டும். வாய்மொழியாகத் தலையாட்டிய நில உடைமையாளரின் பிள்ளைகளுக்கு அந்தத் தலையாட்டல் தெரியாது.

மண்ணுக்கடியில் என்னென்ன இருக்கும்?

கழிவுநீர்க் குழாய் நிச்சயம் இருக்கும் என்று எண்ணிக்கொண்டு தொடங்குங்கள். கழிவுநீர் தானாக வழிந்தோட வேண்டுமென்பதால் குழாயைப் பள்ளத்தாக்கின் தாழ்ந்த இடத்தில், அதாவது ஆற்றோரமாகவே போடுவது வழக்கம். அதோடு மின்கேபிள், எரிவாயுக் குழாய், பழைய பாலத்தின் அடித்தளம், எவருடைய வரைபடத்திலும் இல்லாத ஒரு கான்கிரீட் சுவர். காகிதத்தை நம்பாமல் சோதனைக்குழி வெட்டிப் பாருங்கள். ஒரு குழாயை நகர்த்தும் செலவு, அந்தப் பகுதியில் ஆற்றுக்குச் செய்யும் செலவைவிடக் கூடுதலாக வந்து, வளைவையே மாற்றி வரைந்ததுண்டு.

தோண்டிய மண்ணை எங்கே கொட்டுவது?

இதை முதல் வாரத்திலேயே கேட்டவர் புத்திசாலி. வடிவமைப்பு அறிக்கைகளில் மீனுக்குப் பத்துப் பக்கமும் மண்ணுக்கு ஒரு வரியும் இருக்கும். பில்லில் அது தலைகீழாக வரும்.

10,000 கன மீட்டர் தோண்டுகிறீர்கள். தோண்டிய மண் உப்பும்; நூற்றுக்கு இருபத்தைந்து என்று வைத்தால் லாரியில் ஏறுவது 12,500 கன மீட்டர். ஒரு டிப்பர் 10 கன மீட்டர் சுமந்தால் 1,250 நடை. போய்வர ஒரு மணி நேரம், பத்து லாரி, நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் என்றால் பதினாறு நாள் லாரிகள் நிற்காமல் ஓட வேண்டும். அந்தச் சாலை அதைத் தாங்குமா, வழியில் பள்ளிக்கூடம் இருக்கிறதா, மழை வந்தால் தற்காலிகப் பாதை சேறாகுமா என்பதெல்லாம் ஆற்று வடிவமைப்பின் பகுதிதான். முடிந்தவரை வெட்டிய மண்ணை அங்கேயே பழைய கால்வாயை நிரப்பப் பயன்படுத்துங்கள். கிசிம்மியில் கால்வாய் தோண்டியபோது பக்கத்தில் குவித்த மண்ணையே எடுத்துக் கால்வாயை மூடினார்கள்.

மண்ணில் நஞ்சு இருக்கிறதா என்பதை அள்ளுவதற்கு முன் சோதியுங்கள். நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் ஆற்றில் 1973இல் ஃபோர்ட் எட்வர்ட் அணையை எடுத்தபோது, அதன் பின்னால் தேங்கியிருந்த வண்டல் கீழே இறங்கியது. அதில் மின்கருவி ஆலைகளிலிருந்து வந்த பிசிபி என்ற நச்சுவேதிப்பொருள் கலந்திருந்தது. ஆற்றைத் திறந்துவிட்டதாக நினைத்தவர்கள் நஞ்சைப் பரப்பிவிட்டார்கள்.

ஓடும் ஆற்றில் வேலை செய்வது எப்படி? எந்த மாதத்தில்?

நாட்காட்டியை விரித்துக் கோடுபோட்டுப் பாருங்கள். மீன் முட்டையிடும் மாதங்களை அடியுங்கள். பறவை கூடு கட்டும் மாதங்களில் மரம் வெட்டக்கூடாது, அவற்றையும் அடியுங்கள். வெள்ளப் பருவத்தை அடியுங்கள். மிஞ்சுவது சில வாரங்கள். செடி நடுவதற்கு ஏற்ற காலம் பெரும்பாலும் அந்த வாரங்களில் இருக்காது. நிதி ஒப்புதலுக்கு ஆறு வாரம் தாமதமானால் வேலை ஆறு வாரம் தள்ளிப்போகாது, ஓராண்டு தள்ளிப்போகும்.

வேலையிடத்தை உலர்த்த மேலே தற்காலிகத் தடுப்பு போட்டு, நீரைக் குழாய் அல்லது பக்கவாய்க்கால் வழியாகக் கீழே கொண்டுபோய் விடுவார்கள். அடைபடும் குட்டையிலிருந்து மீன்களைப் பிடித்து மாற்றிவிட வேண்டும். பம்பு இரவிலும் ஓடும்; இரவில் அதற்குக் காவலாள் வேண்டும், மாற்றுப் பம்பு வேண்டும். எரிபொருள் தீர்ந்து விடியற்காலையில் நின்றுபோன பம்பு ஒன்று இரண்டு வார வேலையை நீரில் மூழ்கடித்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆற்றடியில் ஊற்று சுரக்கும் என்பதையும் மறந்துவிடுகிறார்கள். மேல்நீரை மறித்தாலும் குழிக்குள் நீர் ஏறிக்கொண்டேயிருக்கும்.

வரைபடத்தில் இருப்பது களத்தில் ஏன் வருவதில்லை?

பொக்லைன் ஓட்டுநரின் கைத்திறமையால்! சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

நல்ல ஓட்டுநர் என்பவர் சாலைக்கரையைக் கண்ணாடிபோல இழைத்துத் தருபவர். இருபது ஆண்டு அப்படிப் பழகிய கை. அவரிடம் ஆற்றங்கரையைக் கொடுத்தால் வாளியின் முதுகைத் திருப்பிப் போட்டுத் தட்டித் தட்டி, மேடுபள்ளமில்லாமல், ஒரே சரிவாக மெழுகிவிட்டு, இறங்கி வந்து பெருமையோடு பார்ப்பார். அந்த வழவழப்பில் விதை தங்காது, மீன்குஞ்சு ஒளிய இடமிருக்காது, மழைநீர் சறுக்கிக்கொண்டு ஓடும். ‘கொஞ்சம் கெடுத்துவிடுங்கள்’ என்று கேட்டால் மனம் நோகும். முதல் நாள் காலையில் அவரை அருகிலிருக்கும் சேதமடையாத ஆற்றுப் பகுதிக்கு அழைத்துக்கொண்டுபோய், கரையோரத்தில் வேர் தொங்கும் குடைவையும், கல்லுக்குப் பின்னால் நிற்கும் சுழலையும் காட்டினால் போதும். நூறு பக்க விவரக்குறிப்பு செய்யாததை அந்த அரைமணி நேரம் செய்யும். இந்த வேலையில் எனக்குக் கிடைத்த சிறந்த யோசனைகள் சில, இப்படிப் பார்த்துவிட்டு வந்த ஓட்டுநர்கள் சொன்னவை.

ஒப்பந்தத்திலும் சிக்கல் உண்டு. குறைந்த விலைக்கே கொடுக்க வேண்டும், அளவுக்கே பணம் என்றால், களத்தில் ‘அந்தப் பாறையை அரை மீட்டர் இடப்பக்கம்’ என்று நீங்கள் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் தகராறாகும். மண்வேலைக்கு அளவு விலை, பாறையும் மரமும் பதிக்கும் நுண்வேலைக்கு மணிக்கணக்கு விலை என்று பிரித்து எழுதுவது நல்லது. வடிவமைத்தவர் அந்த நாட்களில் களத்திலேயே நிற்க வேண்டும். அவருடைய சம்பளத்தையும் மதிப்பீட்டில் சேர்க்க வேண்டும்.

மரத்தண்டுகளை ஆற்றில் போட்டால் அடித்துக்கொண்டு போய்ப் பாலத்தில் மோதாதா?

கணக்குப் பார்க்காமல் போட்டால் போகும். உலர்ந்த மரம் கன மீட்டருக்கு ஏறத்தாழ 500 கிலோ என்றால், முழுகியதும் அரை டன் விசையோடு மேலெழும்ப முயலும். அதை அமுக்கப் பாறை வைக்கிறோம். ஆனால் பாறையும் நீருக்குள் எடை குறையும். 2,650 கிலோ உள்ள ஒரு கன மீட்டர் பாறை நீருக்குள் 1,650 கிலோவாகத்தான் அழுத்தும். ஒரு கன மீட்டர் மரத்தைச் சமன் செய்யவே சுமார் 800 கிலோ பாறை வேண்டும். பாதுகாப்புக்காக அதை இரட்டிப்பாக்குவது நல்லது. நீர் பக்கவாட்டில் தள்ளும் விசை தனி. தண்டின் பெரும்பகுதியைக் கரைக்குள் புதைத்து, வேர்ப்பக்கத்தை மட்டும் நீட்டிக்கொண்டிருக்க விட்டால் பாதிப் பிரச்சினை தீரும். கம்பிவடம் கட்டுவது எனக்குப் பிடிக்காது. மரம் உளுத்துப்போன பிறகும் வடம் கிடந்து படகையும் நீந்துபவர் காலையும் பிடிக்கும்.

அணையை எடுப்பது எளிதான மீட்பு என்கிறார்களே?

உடைப்பது எளிது. பின்னால் தேங்கியதுதான் கடினம். வாஷிங்டன் மாநிலத்தின் எல்வா ஆற்றில் 33 மீட்டர், 64 மீட்டர் உயரமுள்ள இரண்டு அணைகளை 2011க்கும் 2014க்கும் இடையே எடுத்தார்கள். அவற்றின் பின்னால் ஏறத்தாழ 2.1 கோடி கன மீட்டர் வண்டல். ஒரே நாளில் திறந்தால் கீழே இருப்பதெல்லாம் புதையும். அதனால் படிப்படியாகக் குறைத்து, நடுநடுவே நிறுத்தி, ஆறு வண்டலைச் சிறிது சிறிதாக எடுத்துப்போக விட்டார்கள். கீழே குடிநீர் எடுக்கும் நகரத்துக்காக முன்கூட்டியே சுத்திகரிப்பு வசதிகளும் கட்டப்பட்டன. அப்படியும் நீர் எடுக்கும் இடம் இலையும் கிளையும் வண்டலுமாக அடைத்துக்கொண்டு, அணை எடுக்கும் வேலை ஏறத்தாழ ஓராண்டு நின்றது. அணை மறைந்தபின் முகத்துவாரத்தில் புதுக் கடற்கரையே உருவானது. நூறாண்டாக வராத மணல் அது.

செடிகளை நட்டுவிட்டால் கரை பிடித்துக்கொள்ளுமா?

பிடித்துக்கொள்ளும், வேர் ஊன்றிய பிறகு. அதுவரை உள்ள முதல் இரண்டு ஆண்டுகள்தான் ஆபத்து. தென்னைநார் வலை விரித்து அந்த இடைவெளியைக் கடக்கிறோம். வேர் கெட்டியாகும் நேரத்தில் வலை மக்கிப்போகும். ஒடித்து நட்டால் துளிர்க்கும் போத்துகளை, மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் இருக்கும்படி, கோடையின் நிலத்தடி ஈரத்தைத் தொடும் ஆழத்துக்கு இறக்க வேண்டும். ஒரு முழம் மேலே நட்டால் காயும், ஒரு முழம் கீழே நட்டால் அழுகும். பட்டுப்போகும் செடிகளில் பெரும்பகுதி நோயால் சாவதில்லை, மட்டம் தப்பி நடப்பட்டதால் சாகிறது. வேலி போட மறந்தால் மீதியை ஆடுமாடு பார்த்துக்கொள்ளும்.

நகர நடுவே பம்பு வைத்து ஓடவிடும் ஆறும் மீட்பா?

தென்கொரியத் தலைநகர் சோலில் (சியோல்) 2005இல் திறக்கப்பட்ட சோங்கேசோன் ஓடையை வைத்து இதைக் கேட்பார்கள். மேலே ஓடிய உயர்மட்டச் சாலையை இடித்து 5.8 கிலோமீட்டர் ஓடையைத் திறந்தார்கள். அதில் ஓடும் நீரில் பெரும்பகுதி ஹான் ஆற்றிலிருந்து பம்பு மூலம் வருவது. என் கருத்தில் அது அருமையான பூங்கா; ஆறு என்று சொல்லத் தயங்குவேன். அதனால் அது வேண்டாம் என்று பொருள் அல்ல. மின்கட்டணம் நிரந்தரச் செலவு என்பதை முதல்நாளே சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

எல்லாம் செய்தும் உயிரினங்கள் திரும்பவில்லையே?

2010இல் மார்கரெட் பாமரும் உடன் ஆய்வாளர்களும் 78 மீட்புத் திட்டங்களை எடுத்துப் பார்த்தார்கள். ஆற்றடியில் வாழும் சிற்றுயிர்களின் வகை உறுதியாகப் பெருகியது இரண்டே இரண்டில். வளைவும் கல்லும் மடுவும் சரியாகத்தான் இருந்தன. ஆனால் மேலிருந்து வரும் நீர் அழுக்காக இருந்தாலோ, ஒவ்வொரு மழைக்கும் நகரத்து வடிகால் வெள்ளம் அடித்துத் துடைத்தாலோ, குடியேற வேண்டிய உயிர்கள் அக்கம்பக்கத்து ஓடைகளிலேயே இல்லாமற்போனாலோ, வடிவம் மட்டும் என்ன செய்யும்? இருக்கும் பணத்தில் பாதியை ஆற்றுக்கு வெளியே, மேல்நிலத்தில் செலவிட வேண்டியிருக்கலாம். திறப்பு விழாவில் காட்ட அங்கே ஒன்றும் இருக்காது என்பதால் யாரும் அதை விரும்புவதில்லை.

முதல் வெள்ளத்தில் கரை நகர்ந்துவிட்டால் திட்டம் தோல்வியா?

நகரும் ஆற்றைத்தானே கேட்டீர்கள்? எவ்வளவு நகரலாம், எங்கே நகரக்கூடாது என்று முன்பே வரைபடத்தில் கோடு போட்டிருந்தால் இதற்கு விடை உண்டு. கோட்டுக்குள் நகர்ந்தால் விட்டுவிடுங்கள். கோட்டைத் தாண்டிக் குழாயை நெருங்கினால் கைவையுங்கள். கோடே போடாதிருந்தால், செய்தித்தாளில் வரும் ஒரு புகைப்படம் தோல்வி என்று தீர்ப்பெழுதிவிடும். சிறு திருத்தங்களுக்கென மொத்தச் செலவில் ஒரு பங்கை முதல் சில ஆண்டுகளுக்கு எடுத்து வையுங்கள்.

முடிந்த பிறகு எத்தனை நாள் கண்காணிக்க வேண்டும்?

அமெரிக்காவில் 2005இல் 37,000க்கும் மேற்பட்ட திட்டங்களின் பதிவுகளைத் தொகுத்தபோது, ஏதேனும் ஒரு வகைக் கண்காணிப்பு நடந்ததாகக் குறிப்பு இருந்தது பத்தில் ஒன்றில்தான். செடிக்கு ஐந்து ஆண்டு, வடிவத்துக்குக் குறைந்தது ஒரு பெருவெள்ளம் வந்துபோகும்வரை, மீனுக்கு அதற்கும் மேல் என்பது நான் வைத்துக்கொள்ளும் கணக்கு. வேலை தொடங்குமுன் இரண்டு ஆண்டாவது அளந்திருந்தால்தான் பின்னால் அளப்பதற்குப் பொருள் உண்டு.

பணமே இல்லை என்றால், மட்டங்களை ஒப்பிட்டு அளப்பதற்கான நிலையான அடையாளக் கல்லான மட்டக்கல் ஒன்றை வெள்ளம் எட்டாத மேட்டில் கான்கிரீட்டில் பதியுங்கள். பாலத்தின் கைப்பிடியில் ஒரு புள்ளியைப் பெயின்ட்டால் குறித்து, ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் அங்கே நின்று அதே திசையில் ஒரு படம் எடுத்து, தேதியோடு சேர்த்து வையுங்கள். ஒருமுறை நாங்கள் மட்டக்கல்லைக் கரையோரத்திலேயே பதித்தோம். மூன்றாம் ஆண்டு அளக்கப் போனபோது ஆறு எட்டு மீட்டர் தள்ளி ஓடிக்கொண்டிருந்தது; கல் அடியில் எங்கேயோ கிடந்தது.